டேங்க்கை யார் எடுப்பது

மரியாதையால் ஒரு ஆள் செத்துப்போக முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று சத்தியம் செய்வேன். நானே செத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மதியத்தில் ஆறு தடவை, ஏழு தடவை. கையில் வெறும் கைத்துப்பாக்கியோடு, பாலைவன மணலில் நடந்து போய், எதிரே வந்த டேங்க்கைப் பார்த்துக்கொண்டே செத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கீழே பேக்கரி, மேலே நாங்கள். படிக்கட்டு முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏ.சி. அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் திரைச்சீலை, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கும் மானிட்டர்கள். நாங்கள் மூன்று பேர் முழுநேர ஆட்கள். ஒருவர் ஹார்டுவேர் வகுப்பு எடுப்பவர். எங்களில் வயதில் மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். இன்னொருவர் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்துக்கொண்டே டி.டி.பி. சொல்லித் தருபவர். கோட்டைமேட்டுக்காரர், எல்லோருக்கும் பாய். மூன்றாவது நான். டைப்பிங்கும் அடிப்படை வகுப்பும் எனக்கு. சி.பி.யு. பெட்டியைத் திறந்து மூடத் தெரியும் என்றாலும், நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாலே அண்ணன் ஓடி வந்துவிடுவார். “வேண்டாமுங்க அம்மணி, ஷாக் அடிச்சுப்போடும், இப்படிக் குடுங்க.” அவர் கையை ஷாக் அடிக்காதா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரண்டிலிருந்து நாலு மணி வரை வகுப்பு கிடையாது. அந்த நேரத்தில்தான் அந்தச் சண்டை விளையாட்டு. ப்ராஜெக்ட் செய்ய வந்த இன்ஜினியரிங் மாணவர்கள் ஒரு சி.டி. கொண்டு வந்தார்கள். மூன்று மெஷின் இந்தப் பக்கம், மூன்று மெஷின் ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், நடுவில் ஒரு கேபிள். அந்தப் பக்கம் மாணவர்கள் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள். முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “மெஷின் சும்மா கெடக்கறதுக்கு ஓடட்டுமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு என்ன, வாரா வாரம் போர்தான்.

விளையாட்டு சுலபம். பாலைவனத்தில் ஒரு பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் கொடி, இந்தப் பக்கம் எங்கள் கொடி. எதிராளி கொடியைப் பிடித்தால் ஜெயித்தோம். ஆனால் சண்டை தொடங்குவதற்கு முன்னால் ஒரு திரை வரும். இடது பக்கம் வண்டிகள், வலது பக்கம் ஆயுதங்கள், கீழே எடை காட்டும் பட்டை. ஒரு அணிக்கு ஒரே ஒரு டேங்க், ஒரே ஒரு ஜீப், குண்டும் ரிப்பேர் சாமானும் ஏற்றிப்போக ஒரே ஒரு லாரி. ஆளுக்கு ஒன்றைச் சொடுக்கி எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய ஆயுதத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எடை அதிகமானால் பட்டை சிவந்துவிடும், எதையாவது இறக்கினால்தான் மேலே போகலாம். மூலையில் அறுபதிலிருந்து கீழே எண் ஓடும். பூஜ்யம் வந்தும் ஒருவர் எடுத்து முடிக்கவில்லை என்றால் அணிக்கே வண்டி கிடையாது. ஆளுக்கு ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்து நடக்க விட்டுவிடும்.

இப்போது எங்கள் அணியை இந்தத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள்.

“பாய், நீங்க டேங்க் எடுத்துக்குங்க.”

“அய்யோ, நானாங்க? நீங்க இருக்கும்போது நான் எடுக்கறது மொறையில்லீங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. போன வாரம் நீங்க ஜீப்புல சிரமப்பட்டீங்க. இந்த வாரம் டேங்க்குல உக்காருங்க.”

“நீங்க பெரியவரு. நீங்க ஜீப் ஓட்ட, நான் டேங்க்குல போறதாங்க?”

நாற்பத்தி இரண்டு, நாற்பத்தி ஒன்று. மூலையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். என் ரத்தம் தலைக்கு ஏறிக்கொண்டே இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அண்ணா, சாப்ட்டுட்டுக்கூட வாங்க, நாங்க இருக்கறம்” என்று ஒரு குரல் வரும். மாணவர்கள் எட்டு நொடியில் எடுத்து முடித்திருப்பார்கள். அவர்களில் ஒருவனுக்கும் மரியாதை தெரியாது. அதனால் நன்றாக விளையாடினார்கள்.

சரி, ஒருவழியாக அண்ணன் தலையில் டேங்க்கைக் கட்டிவிட்டாலும் தீர்ந்ததா? அவர் அதற்கு விவரம் படிக்க ஆரம்பிப்பார். ஆர்.எஸ்.புரத்துக் கடையில் கிரைண்டர் வாங்கப் போனவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொடுக்கி உள்ளே பார்ப்பார். “இது எத்தன ஹெச்.பி. வருமுங்க?” என்று ஒரு தடவை என்னைக் கேட்டார். டேங்க்குக்கு ஹெச்.பி. கேட்ட ஒரே ராணுவம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். விவரம் படித்து முடித்ததும் சாமான் ஏற்றுவார். மிஷின் கன், “எதுக்கும் இருக்கட்டுமுங்க.” கண்ணிவெடி நாலு, “எதுக்கும் இருக்கட்டுமுங்க.” மருந்துப்பெட்டி இரண்டு, பைனாகுலர், புகைக்குண்டு, தண்ணீர் கேன். பட்டை சிவந்துவிடும். எதை இறக்குவது என்று யோசிப்பார். பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவர்கள்கூட அத்தனை யோசிக்க மாட்டார்கள். கடைசியில் மருந்துப்பெட்டியை வைத்துக்கொண்டு பீரங்கிக்குண்டை இறக்குவார்.

“அண்ணா, குண்டில்லாம டேங்க் எதுக்குங்ணா?”

“யாருக்காவது அடிபட்டா என்ன பண்றதுங்க அம்மணி?”

இப்படி ஒரு நல்ல மனிதரைத் திட்டவும் முடியாது. திட்ட முடியாத நல்லவர்களோடு வேலை பார்ப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

எனக்கு எப்போதும் லாரிதான். இதை மட்டும் யாரும் விவாதிக்க மாட்டார்கள். “அம்மணி பின்னாடி சேஃப்பா இருக்கட்டும்” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் முடிவு செய்துவிடுவார்கள். நான் லாரியில் குண்டை ஏற்றிக்கொண்டு, மணல் மேட்டுக்குப் பின்னால், யாராவது வந்து வாங்கிக்கொள்வார்களா என்று காத்திருப்பேன். அவர்கள் வாங்க வருவதற்குள் செத்திருப்பார்கள். பிறகு மாணவர்களின் ஜீப் வந்து என்னையும் கொல்லும். கொல்லும்போது, “ஸாரிங்க்கா” என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவன் சொல்வான்.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் நான் இத்தனை வருஷம் கழித்தும் பொருமிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த வருஷம் ஆடி மாதத்தில் முதலாளி எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, கோபிசெட்டிபாளையத்தில் பத்து மெஷினோடு ஒரு சென்டர் திறக்கப்போவதாகச் சொன்னார். ஆவணியில் திறப்பு. எங்கள் மூவரில் ஒருவர் போய் அதைப் பொறுப்பெடுத்து நடத்த வேண்டும். அந்த இடம் எனக்கு வேண்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நான் அதுவரை எதற்கும் அத்தனை ஆசைப்பட்டதில்லை. எந்த வகுப்பு எத்தனை மணிக்கு, எந்த மெஷின் எந்தப் பக்கம், எந்தப் பெட்டியை யார் திறப்பது, எல்லாவற்றையும் நான் சொல்ல வேண்டும். சாவி என் பையில் இருக்க வேண்டும். மனதுக்குள் நேர அட்டவணையே போட்டு வைத்திருந்தேன். அதில் பெண்பிள்ளைகளுக்கும் ஹார்டுவேர் வகுப்பு இருந்தது.

அதற்கு முதலில் வீட்டைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. எங்கள் வீடு சிங்காநல்லூரில். கல்யாணமாகாத பெண் கோபியில் அறை எடுத்துத் தங்குவதா என்று அப்பா இரண்டு வாரம் பேசாமலே இருந்தார். அம்மா அழுதாள். நான் சாப்பிடாமல் படுத்தேன், கத்தினேன், கதவைச் சாத்தினேன். வீட்டில் எனக்கு வாய் நீளம். கடைசியில் அப்பா கோபிக்கே ஒரு நடை போய், தெரிந்த டீச்சர் ஒருவரின் வீட்டு மாடியில் அறை பார்த்துவிட்டு வந்து, “சரி, போய்த் தொலை கண்ணு” என்றார். அவர் வாயிலிருந்து அதை வாங்க ஒரு மாதம் பிடித்தது. இனி மிச்சம் சுலபம் என்று நினைத்தேன். முதலாளியிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

ஆனால் முதலாளி பிறகு பேச்சையே எடுக்கவில்லை. எங்கள் மூவரிலும் யாரும் எடுக்கவில்லை. டீ குடிக்கும்போது கோபியில் வெயில் எப்படி, பஸ் எத்தனை மணிக்கு ஒன்று என்றெல்லாம் பேசுவோம். யார் போவது என்பதை மட்டும் தொட மாட்டோம். நான் தொட்டால் ஆசைப்படுகிறேன் என்று ஆகிவிடுமாம். ஆசைப்பட்டேன்தானே, பிறகென்ன? அப்போது இது தோன்றவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டு அவர்கள் இருவரையும் மனதுக்குள் வாயில் வந்தபடி திட்டினேன்.

ஒரு வாரம் பொறுக்க முடியாமல் நோட்டில் ஒரு தாள் கிழித்து அட்டவணை போட்டேன். முதல் ஆட்டம் அண்ணன் டேங்க், பாய் ஜீப். இரண்டாம் ஆட்டம் பாய் டேங்க், அண்ணன் ஜீப். யாருக்கு என்ன ஆயுதம், எத்தனை குண்டு, எடை எவ்வளவு, எல்லாம் கூட்டிக் கழித்து எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பேச்சே வேண்டாம், பார்த்துச் சொடுக்கினால் போதும். அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு முழுதும் படித்தார். “நெம்ப நல்லாருக்குதுங்க. கையெழுத்தும் முத்து முத்தா இருக்குது. ஆனா மொத ஆட்டமே நான் எடுத்தா பாய் மனசு சங்கடப்படுமேன்னு பாக்கறேன்.” பாய் பதறிவிட்டார். “எனக்கென்னங்க சங்கடம்? நீங்க ரெண்டு ஆட்டமும் எடுத்துக்குங்க.” “அதெப்படீங்க?” எண் பூஜ்யத்துக்கு வந்தது. மூவரும் கைத்துப்பாக்கியோடு நடந்தோம்.

அன்று மாலை அந்தத் தாளைப் பிய்த்து எடுக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எல்லா ஆட்டத்திலும் லாரிக்கு நேரே என்னையே எழுதியிருந்தேன். யாரும் சொல்லவில்லை. பென்சில் என் கையில்தான் இருந்தது. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது. தாளைக் கசக்கிக் கீழே பேக்கரிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை திரை வந்ததும் டேங்க்கைச் சொடுக்கினேன். மூலையில் எண் ஐம்பத்தி ஒன்பதில் இருக்கும்போதே. யாரையும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் இரண்டு பேரும் கையை மவுஸ் மேல் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் எடுத்துட்டனுங்ணா” என்றேன்.

“எடுங்க அம்மணி, நல்லா எடுங்க. சந்தோஷமுங்க” என்றார் அண்ணன். “நாங்களே சொல்லோணும்னு இருந்தோம்” என்றார் பாய். அவர் ஜீப்பை எடுத்தார், அண்ணன் லாரியை எடுத்தார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக முப்பது நொடி மிச்சம் இருந்தது.

அந்த முப்பது நொடியில்தான் கெடுத்தேன். டேங்க்கில் நாற்பது குண்டு ஏற்றலாம். இரும்பைத் துளைப்பது ஒரு வகை, விழுந்த இடத்தில் வெடித்துச் சிதறுவது இன்னொரு வகை. ஆட்களுக்கு இரண்டாவது, டேங்க்குக்கு முதலாவது. இரண்டிலும் பாதிப் பாதி எடுப்பதுதான் புத்தி. நானே எழுதிய அட்டவணையில்கூட அப்படித்தான் இருந்தது. ஆனால் வாரா வாரம் என்னை மிதித்த அந்த டேங்க்கை நான் நொறுக்க வேண்டும். நாற்பதும் துளைக்கிற குண்டாகவே எடுத்தேன். மிஷின் கன்னை இறக்கினேன். எடைப்பட்டை பச்சையாக, பார்க்கவே அழகாக இருந்தது.

மாணவர்கள் அன்றைக்கென்று டேங்க்கையே எடுக்கவில்லை. சலித்துப்போய்விட்டதாம். மூன்று பேரும் நடந்து வந்து பாலத்தில் கண்ணிவெடி வைத்துவிட்டுத் தூண்களுக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்கள். நான் ஜம்மென்று பாலத்தில் ஏறினேன். சக்கரப்பட்டை அறுந்து பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் ஓடுகிறார்கள், நான் சுட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு குண்டும் ஒருவன் மேலும் படவில்லை. நடுவில் நான் அடைத்துக்கொண்டு நின்றதால் பாயின் ஜீப்பும் வர முடியவில்லை, அண்ணனின் லாரியும் வர முடியவில்லை. “அக்கா, பாலத்துக்குப் பூட்டுப் போட்டுட்டீங்க” என்று ஒருவன் கத்தினான். எங்கள் கொடி நான்கு நிமிடத்தில் போனது. கைத்துப்பாக்கியோடு நடந்தபோதுகூட அத்தனை சீக்கிரம் தோற்றதில்லை.

நான் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவர், “ஏம்மா, உனக்குப் புத்தியிருக்கா?” என்று கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

“பாலம்தானுங்க சரியில்ல” என்றார் அண்ணன்.

“ஆமாங்க, நெம்பக் குறுகலா கட்டிப்போட்டாங்க” என்றார் பாய்.

அடுத்த ஆட்டத்தில் நானாகவே லாரியை எடுத்தேன். அவர்கள் டேங்க்குக்காக ஒருவரை ஒருவர் உபசரிக்க ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் முதலாளி எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார், கீழேயிருந்து டீயும் தேங்காய் பன்னும் வரவழைத்தார். “கோபிக்கு ஆள் சொல்லோணுமுங்க. நானாச் சொன்னா ஒருத்தருக்கில்லாட்டி ஒருத்தருக்கு மனசு சங்கடமாப் போயிரும். அதனால நீங்களே பேசி ஒரு பேரச் சொல்லிப்போடுங்க. யாரச் சொன்னாலும் எனக்குச் சம்மதமுங்க” என்றார். முதலாளியும் எங்கள் ஊர்க்காரர்தானே, அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பாய் முதலில் பேசினார். “எனக்கு வாப்பாவத் தனியா உட்டுட்டு வர முடியாதுங்க. இவங்க ரெண்டு பேர்ல யாரு போனாலும் எனக்குச் சந்தோஷமுங்க.” அப்படியானால் மிச்சம் இரண்டு பேர். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். “அம்மணி சொல்லட்டுமுங்க” என்றார்.

‘நான் போறேனுங்க சார்.’ இதுதான் வாக்கியம். ஒரு வாரமாக சிங்காநல்லூர் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். நாக்கின் நுனியில் இருந்தது. மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குப் பாலத்தின் நடுவில் நின்ற அந்த டேங்க் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ஆசைப்பட்டு எடுத்து என்ன கிழித்தாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதைவிட, மூத்தவர் பக்கத்தில் இருக்கும்போது எனக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

“அண்ணன்தானுங்க சீனியர். அண்ணன் போறதுதானுங்க மொறை” என்றேன்.

சொன்னது நான்தான். அத்தனை மாதமாக யாரைப் பார்த்துப் பல்லைக் கடித்தேனோ, அவர்களைவிட அழகாகச் சொன்னேன்.

“ஆகட்டுமுங்க, நல்ல முடிவு” என்றார் முதலாளி. அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, “பெரியவங்க எல்லாம் சொல்றீங்க, சரிங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

படிக்கட்டில் செருப்பு மாட்டும்போது அண்ணனும் நானும் மட்டும் இருந்தோம். அவர் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைப் பார்த்தபடி நின்றார்.

“ஏனுங்க அம்மணி, உங்களுக்குக் கோபி வேண்டாமுங்களா?”

“எனக்கு வேணும்ங்ணா” என்றேன். இந்தத் தடவை சட்டென்று வந்தது. “உங்களுக்கு?”

“எனக்கெதுக்குங்க? போறதுக்கு ரெண்டரை மணி நேரம், வாறதுக்கு ரெண்டரை மணி நேரம். என்ற ஊட்டுக்காரிக்கு வேற ஆஸ்பத்திரில ஷிப்டு. கொழந்தைங்கள யாரு பாக்கறது? நீங்க எடுத்துக்குவீங்கன்னுதான் உங்களச் சொல்லச் சொன்னேன்.”

“அப்புறம் வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லங்ணா!” படிக்கட்டே அதிரும்படி கத்திவிட்டேன். வேலைக்கு வந்த இடத்தில் அன்றுதான் முதல் தடவை கத்தினேன்.

“நீங்க அத்தன மரியாதையா சொன்னதுக்கப்பறம் எப்படீங்க மறுத்துப் பேசறது?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “சரி, வாங்க மேல போலாம். சார்கிட்டச் சொல்லலாம்” என்றேன்.

“போலாமுங்க. நீங்க சொல்லுங்க.”

“நானே எனக்கு வேணும்னு சொன்னா நல்லாவாங்ணா இருக்கும்? நீங்க உங்க செரமத்தச் சொல்லுங்க.”

“சம்மதம்னு கும்புட்டுப்போட்டு இப்பப் போய் மாத்திச் சொன்னா என்ன நெனப்பாருங்க? நீங்க சொன்னா சின்னப்புள்ளன்னு ஒண்ணும் நெனக்க மாட்டாருங்க.”

“இல்லீங்ணா, நீங்களே சொல்லுங்க.”

மேலே விளக்கு அணைந்தது. முதலாளி கதவைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

“என்னங்க ரெண்டு பேரும் இங்கயே நிக்கறீங்க? ஏதாவது சொல்லோணுமுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க சார்” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். அவர் போவதற்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபிக்கு நான் போகவில்லை, டீச்சர் வீட்டு அறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏங் கண்ணு, அவிய தரமாட்டேன்னுட்டாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.